எங்கிட்ட எல்லாரும் கேக்குற கேள்விங்க: அரசியல், டிவி, போன், வீடு

திருத்துறைப்பூண்டி பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ் மட்டும் இல்ல, ஆன்லைன் அப்ளிகேஷன் போடுறது, மனு எழுதிக் குடுக்குறது, போன்ல எதாச்சும் சிக்கிக்கிட்டா எடுத்து விடுறது எல்லாம் உண்டு, கொஞ்சம் நெலமும் இருக்கு. வர்றவங்க பிரிண்ட் வர்ற வரைக்கும் சும்மா நிக்க மாட்டாங்க, அரசியல்லேருந்து புள்ள படிப்பு வரைக்கும் எதாச்சும் ஒண்ணு கேப்பாங்க. கேக்குறது பெரும்பாலும் அதே கேள்விங்கதான். அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், பதில் பூரா என்னோட கருத்து.

அக்கா, நீங்க எந்தக் கட்சின்னே தெரியலயே, நெஜமா சொல்லுங்க?

எந்தக் கட்சி கார்டும் எங்கிட்ட இல்ல. அதுக்காக அரசியல் நமக்கு எதுக்குன்னு ஒதுங்குற ஆளும் இல்ல, ஓட்டு போடாம இருந்ததே கிடையாது. வயலுக்குத் தண்ணி வர்றது அரசியல், நெல்லு எடுக்குற விலை அரசியல், ராத்திரி ஒம்போது மணிக்கு மேல ஊருக்கு பஸ் இல்லாததும் அரசியல்தான்.

நாங்க கடைமடைக்காரங்க, ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். மேட்டூர் திறந்தாச்சுன்னு ரேடியோவுல சொன்னா எங்க வீட்டுல யாரும் உடனே சந்தோஷப்பட மாட்டாங்க, வாய்க்கால்ல வந்துருச்சான்னு போயி பாத்துட்டு வந்துதான் பேசுவாங்க. நான் எல்லாத்தையும் அப்படித்தான் பாக்குறேன். அறிவிச்சதுக்கு மார்க் கிடையாது, கடைசி வயலுக்கும் கடைசி வீட்டுக்கும் வந்து சேந்துச்சாங்கறதுதான் கணக்கு. எந்த ஆட்சி சேத்தாலும் நல்லா செஞ்சாங்கன்னு சொல்லுவேன், சேரலன்னா யாரா இருந்தாலும் கேப்பேன். அதனால ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் எம்மேல கோவம் உண்டு, இருந்துட்டுப் போகட்டும்.

ஜூன் 12-ல மேட்டூர் திறந்துட்டா தண்ணி தன்னால வந்துரப் போவுது, இதுல என்னக்கா அரசியல்?

தன்னால வராது. மேட்டூர் அணை 1934-ல முடிஞ்சது, முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சின்னா நூறு கோடி கன அடி. அங்கேருந்து விடுற தண்ணி முக்கொம்பு தாண்டி கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆவும். கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. வெண்ணாறு நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புல மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியும், அதுக்கப்புறம்தான் எங்க பக்கத்து ஆறுங்க, ஆத்துலேருந்து வாய்க்கால், வாய்க்கால்லேருந்து வயலுக்குப் போற சின்ன கன்னி வாய்க்கால். நடுவுல ஒரு ஷட்டர் துருப்பிடிச்சு ஏறாம நின்னாலும், ஒரு மைல் தூரத்துக்கு ஆகாயத்தாமரை அடைச்சிருந்தாலும் எங்களுக்கு வராது. 2018 ஆகஸ்ட்ல மேட்டூர் நெறஞ்சு தண்ணி பெருக்கெடுத்து ஓடுன சமயத்துலதான் முக்கொம்புல கொள்ளிடம் அணையோட ஒம்போது மதகு இடிஞ்சு விழுந்துச்சு, 1836-ல கட்டுன அணை அது. தண்ணி இருந்தும் கடலுக்குத்தான் போச்சு.

அதனால அணை திறக்குற அன்னிக்கி பூ தூவுற போட்டோவ விட ஏப்ரல் மே மாசம் தூர்வாருற வேலைதான் எனக்கு முக்கியம். வேலை நடக்குற எடத்துல எத்தன கிலோமீட்டர், எத்தன ரூபாய்னு போர்டு வைப்பாங்க, அத போட்டோ எடுத்து வச்சுக்குங்க, தேதியோட. தண்ணி வந்தப்புறம் தூர்வாரினா அது வாரினதா வாரலயான்னு யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, பாசனத்துக்கு மேட்டூர் திறக்குற வழக்கமான தேதி ஜூன் 12-தான், ஆனா அது ஒவ்வொரு வருஷமும் நடக்குற விஷயம் இல்ல. 2012-லேருந்து 2019 வரைக்கும் அந்தத் தேதியில திறக்கவே முடியல, 2020-லதான் மறுபடி திறந்தாங்க, 2022-ல மே 24-லயே திறந்தாங்க, 2024-ல ஜூலை கடைசி ஆயிடுச்சு. சீக்கிரம் அறுக்குற குறுவை போடலாமா, நேரா நாள் கூடுன சம்பாவுக்குப் போயிரலாமான்னு குடும்பம் குடும்பமா உக்காந்து பேசுறதெல்லாம் இந்தத் தேதிய வச்சுத்தான்.

கர்நாடகாக்காரன் தர மாட்டேங்குறான், அதானே எல்லாத்துக்கும் காரணம்?

அதுவும் ஒரு காரணம், ஆனா "எல்லாத்துக்கும்" இல்ல. 2007-ல காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு குடுத்து நமக்கு 419 டி.எம்.சின்னு பிரிச்சாங்க, 2018 பிப்ரவரி 16-ல சுப்ரீம் கோர்ட் அத 404.25 ஆக்குனாங்க, பிலிகுண்டுலு எல்லையில கர்நாடகா விட வேண்டியது 177.25 டி.எம்.சி. மாசக் கணக்கும் இருக்கு, ஜூன்ல 9.19, ஜூலையில 31.24, ஆகஸ்ட்ல 45.95. மழை நல்லா பேஞ்ச வருஷம் வெள்ளமா வந்துரும், சண்டையே வராது. மழை பொய்ச்ச வருஷம் இருக்குற கொஞ்சத்த எப்படிப் பங்கு போடுறதுங்கறதுலதான் இழுபறி எல்லாம், காவிரி மேலாண்மை ஆணையத்துல ஒவ்வொரு கூட்டத்துலயும் அதத்தான் பேசுறாங்க. அந்த மாதிரி வருஷத்துக்கு ரெண்டு பக்கமும் ஒத்துக்குற கணக்கு ஒண்ணு வராத வரைக்கும் இது தீராதுன்னுதான் எனக்குத் தோணுது.

"காரன்"னு சொல்லி அந்த மக்கள ஏசுறது எனக்குப் புடிக்காது. மண்டியாவுல கரும்பு போட்டவனும் ஆத்தப் பாத்துதான் உக்காந்திருக்கான். பெங்களூருல நம்ம புள்ளைங்க எத்தன பேரு வேலை பாக்குதுங்க, இங்க ஒருத்தர் வாய்க்கு வந்ததப் பேசினா அங்க அடி வாங்குறது அவுங்கதான். 1991-ல அத நாம பாத்தாச்சு.

டிவி விவாதம் பாக்கலாமா, வேண்டாமாக்கா?

பாருங்க, ஆனா அது செய்தின்னு நெனச்சுப் பாக்காதீங்க. காவிரி பத்தி ஒரு மணி நேரம் நாலு பேரு கத்துவாங்க, ஒருத்தர்கூட அன்னிக்கி மேட்டூர்ல எத்தன அடி, வெண்ணாத்துல எத்தன கன அடி விடுறாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நான் ஒரு செய்தியப் பாத்தா மொதல்ல பாக்குறது, இத எழுதுனவரு அந்த எடத்துக்குப் போனாரா. டீக்கடையில வர்ற பேப்பர்ல எல்லாரும் மொதப் பக்கத்துக்குத்தான் அடிச்சுக்குவாங்க, நான் நடுவுல இருக்குற மாவட்டப் பக்கத்த எடுத்துக்குவேன். எந்தக் கொள்முதல் நிலையத்துல மூட்டை தேங்கிக் கெடக்கு, எந்தப் பாலத்துல கைப்புடிச் சுவர் இல்லன்னு அதுலதான் வரும், உள்ளூர் நிருபர் பைக்ல போயி பாத்து எழுதுனது. அவுங்களுக்குக் கெடைக்குற சம்பளம் ரொம்பக் கொறச்சல்ங்கறது எனக்கு வருத்தமான விஷயம்.

நம்ம தரங்கம்பாடியில 1715-லயே தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சு முடிச்சிருக்காங்க. அச்சுங்கறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. அவ்வளவு பழைய பழக்கம் இருக்குற ஊர்ல, வாட்ஸ்அப்ல வந்தா போதும்னு பேப்பர நிறுத்திட்டேன்னு ஆளுங்க சொல்றப்ப எனக்கு மனசு கேக்கல.

குடும்ப குரூப்ல வர்றது உண்மையா பொய்யான்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

மெசேஜுக்கு மேல ரெட்டை அம்புக்குறி போட்டு "பலமுறை அனுப்பப்பட்டது"ன்னு இருந்தா, உங்களுக்கு அனுப்புன சித்தப்பா அத எழுதல, அவருக்கும் தெரியாதுன்னு அர்த்தம். அவர்கிட்ட "இத எங்க பாத்தீங்க சித்தப்பா"ன்னு மரியாதையா கேளுங்க, பாதி விஷயம் அங்கயே நின்னுரும். அடுத்தது தேதியும் ஊரும். ரெண்டும் இல்லாத செய்திய நான் யாருக்கும் அனுப்புறதில்ல.

எங்க பக்கம் ரொம்ப வர்றது புயல் படம்தான். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா வேதாரண்யத்துக்கிட்ட கரையேறுச்சு, பட்டுக்கோட்டை பேராவூரணி வரைக்கும் தென்னை பூரா சாஞ்சு கெடந்துச்சு, அந்தப் போட்டோவ இப்ப எப்ப காத்தழுத்தத் தாழ்வு வந்தாலும் "இன்று காலை"ன்னு போட்டு சுத்த விடுறாங்க. கஜாவுல வீடு போனவங்க அதப் பாத்தா எப்படி இருக்கும்னு யாரும் நெனக்கிறதில்ல. எங்க தெருவுல ஒரு அம்மா அந்தப் படம் வந்தாலே போன ஆஃப் பண்ணிட்டு ஓட்டு மேல கல்லு ஏத்த ஆரம்பிச்சுரும்.

மழை வரும்னு யூடியூப்ல சொல்றவங்கள நம்பி அறுக்கலாமா?

அதுல சில பேரு நெஜமாவே நல்லா படிச்சு, ரேடார் படம் பாத்து சொல்றாங்க, அவுங்கள நான் மதிக்கிறேன். ஆனா தலைப்புல "டெல்டாவை புரட்டப் போகும்"னு போடுறவங்கள விட்டுருங்க. மொதல்ல வானிலை மையம் என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க, அவுங்க வார்த்தைக்கு அளவு உண்டு. கனமழைன்னா 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர்லேருந்து 115.5 வரைக்கும், மிக கனமழைன்னா 204.4 வரைக்கும், அதுக்கு மேல போனா அதி கனமழை. அறுப்புக்கு மெஷின் சொல்றதுக்கு முன்னாடி மாவட்டம் பேரு, தேதி, இந்த மூணுல எதுங்கறத பாத்தா போதும்.

நெல்லுக்கு விலை ஏத்திட்டோம்ங்குறாங்க, கையில ஏன் அவ்வளவு வரல?

விலை ஏறுனது உண்மை. 2025-26 சீசனுக்கு மத்திய அரசு சாதா ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2369 ரூபாய், மாநிலம் அதுக்கு மேல 131 ஊக்கத்தொகை, ஆக 2500. ஆனா அந்த விலை கொள்முதல் நிலையத்துல நெல்லு ஏறுனாத்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்குறது விதி. குறுவை அறுக்குறது மழைக்காலம் தொடங்குற நேரத்துல, காய வைக்கக் களம் இல்லாம ரோட்டுல கொட்டி வச்சிருக்கோம், ராத்திரி ஒரு மழை பேஞ்சா காலையில தார்ப்பாய் ஓரத்துல இருக்குற நெல்லு மொளச்சு பச்சையா நிக்கும். அந்த நெல்லுக்கு 2500-ம் இல்ல, 2000-ம் இல்ல, வியாபாரி சொல்றதுதான் விலை. விலைய விட களமும், கூரை போட்ட கிடங்கும், சீக்கிரம் வர்ற லாரியும்தான் கேக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். முதல் கேள்வியில சொன்ன அதே கணக்குதான் இது.

போன்ல ஓடிபி கேட்டா எப்பதான் சொல்லலாம், எப்ப சொல்லக் கூடாது?

நீங்களா ஒரு எடத்துக்குப் போயி, நீங்க கேட்ட வேலைக்காக, உங்க கண்ணு முன்னாடி ஸ்கிரீன்ல போட்டா சரி. அதுலயும் மெசேஜ்ல எதுக்குன்னு எழுதியிருக்கும், வாசிக்கத் தெரியலன்னா பக்கத்துல உள்ள புள்ளைய வாசிக்கச் சொல்லிட்டுக் குடுங்க, என் கடையா இருந்தாலும் அப்படித்தான். தானா போன் பண்ணி யாரு கேட்டாலும், பேங்க்னு சொன்னாலும் போலீஸ்னு சொன்னாலும் குடுக்காதீங்க.

பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் போட வேண்டியதே இல்ல, பின் கேட்டா உங்க பணம் வெளிய போவுதுன்னு அர்த்தம். விவசாயிக்கு ஆறாயிரம் வர்றது நின்னுருச்சு, இந்த ஆப்ப ஏத்துங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வரும், அத தொட்டா உங்க மெசேஜ் பூரா அவனுக்குப் போயிரும். வீடியோ கால்ல யூனிபார்ம் போட்டுக்கிட்டு "உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்"னு மிரட்டுறாங்க, அப்படி ஒரு கைது சட்டத்துலயே கிடையாது. பணம் போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு மறுநாள் வராதீங்க, அந்த நிமிஷமே 1930-க்கு போன் பண்ணுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் அந்த அக்கவுண்டுல பணத்த நிறுத்த முடியும். வெக்கப்பட்டு வீட்டுல சொல்லாம இருக்குறவங்கதான் ரொம்ப இழக்குறாங்க. ஏமாத்துனவன்தான் வெக்கப்படணும்.

எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சு, அப்பவும் ஏன் அலைய விடுறாங்க?

அப்ளிகேஷன் மட்டும்தான் ஆன்லைன். பட்டா மாத்தணும்னா, நெலத்தத் தனியாப் பிரிக்குற உட்பிரிவு இல்லன்னா சீக்கிரம் முடியும், உட்பிரிவு இருந்தா சர்வேயர் வந்து அளக்கணும், அளக்க ஆளு கம்மி. அந்த எடத்துலதான் வழக்கம்போல நிக்குது.

எனக்கு ரொம்ப மனசு உறுத்துறது கைரேகை மெஷின்தான். நாப்பது வருஷம் சேத்துல நாத்துப் புடுங்கி நட்ட கை, ரேகை தேஞ்சு வழவழன்னு இருக்கும். ஆயா வெரல வைக்கும், சிவப்பு லைட் எரியும். தொடச்சுட்டு வைக்கும், எரியும். மோதிர வெரலு, அடுத்த கை, கட்டை வெரலு, கடைசியில "எனக்கு வெரலே இல்லாமப் போச்சாம்மா"ன்னு எங்கிட்ட கேட்டுச்சு ஒரு ஆயா. இந்த நாட்டுக்குச் சோறு போட்ட கைய மெஷினுக்கு அடையாளம் தெரியலன்னா தப்பு மெஷின் மேல, கை மேல இல்ல. கண்ணு ஸ்கேன் இருக்கு, ஓடிபி இருக்கு, எழுதி வாங்கிட்டுக் குடுக்குற வழியும் இருக்கணும், எந்த எடத்துலயும் ரேகை விழலன்னு திருப்பி அனுப்ப விடாதீங்க, நின்னு கேளுங்க. டெக்னாலஜிக்கு நான் எதிரி இல்ல, என் சோறே அதுலதான், ஆனா அந்த ஆயாவுக்கு வேலை செய்யலன்னா, அந்த வேலை முடிஞ்சதா நான் எடுத்துக்க மாட்டேன்.

இலவசம் குடுத்து ஜனங்கள சோம்பேறியாக்கிட்டாங்கன்னு எங்க பெரியப்பா சொல்றாரு, சரிதானே?

சரி இல்ல. பெரியப்பா பம்புசெட்டுக்கு 1990-லேருந்து கரண்ட் ஃப்ரீ, அவரு சோம்பேறி ஆயிட்டாரான்னு கேளுங்க. அது தேவை, அதனாலதான் குடுத்தாங்க. 2021 மே மாசத்துலேருந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ, எங்க ஊர்லேருந்து ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போற புள்ளைங்க அந்தக் காச கையில வச்சிருக்குதுங்க. 2023 செப்டம்பர் 15-லேருந்து மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வருது, மாத்திரை வாங்க மவன்கிட்ட கை நீட்டாம இருக்குற அம்மாவ தெனம் பாக்குறேன். ஒருத்தரும் அத வாங்கிட்டு வேலைக்குப் போறத விட்டு நான் பாக்கல, ஆயிரம் ரூபாய்ல யாரு உக்காந்து சாப்பிட முடியும்?

கேக்க வேண்டிய கேள்வி வேற. தகுதி இருந்தும் விட்டுப்போனவங்களுக்கு எப்ப வரும், பஸ் ஃப்ரீன்னா அந்த பஸ் நேரத்துக்கு வருதா.

மீத்தேன், ஹைட்ரோகார்பன் பிரச்சனைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் ஏன் பேசுறீங்க?

முழுசா முடியல. மன்னார்குடி பக்கம் மீத்தேன் எடுக்க 2010-ல ஒப்பந்தம் போட்டாங்க. நம்மாழ்வார் அய்யா ஊர் ஊரா அதுக்கு எதிராப் பேசிட்டு வந்தப்பதான் 2013 டிசம்பர் 30-ல பட்டுக்கோட்டை பக்கம் காலமானாரு. 2017-ல நெடுவாசல்லயும் கதிராமங்கலத்துலயும் ஜனங்க எதுத்துப் போராடுனாங்க. 2020-ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சு, நல்ல விஷயம், புதுசா எண்ணெய், எரிவாயு தோண்ட முடியாது. ஆனா ஏற்கனவே ஓடிட்டு இருக்குற கிணறுகளுக்கு அது பொருந்தாது. 2023-ல வடசேரி, மைக்கேல்பட்டின்னு நிலக்கரி ஏலப் பட்டியல்ல நம்ம ஊரு பேரு வந்துச்சு, எல்லாரும் சத்தம் போட்டப்புறம்தான் எடுத்தாங்க. பேசாம இருந்திருந்தா எடுத்திருப்பாங்களா?

நடவு மெஷின் வந்து கூலி ஆளுங்க வயித்துல அடிக்குது, நீங்க மெஷின் பக்கமா ஆளு பக்கமா?

இதுக்கு நேரா பதில் சொல்றது கஷ்டம். குனிஞ்சு நட்டு நட்டு இடுப்பு போன பொம்பளைங்கள நான் பாத்திருக்கேன், அந்த வேலைய மெஷின் செய்யக் கூடாதுன்னு எனக்கு சொல்ல வாய் வரல. ஆனா அந்த நாள் கூலி போச்சுன்னா அடுத்தது என்னன்னு யாரும் யோசிக்காம மெஷின எறக்குறது அநியாயம். இந்த மண்ணுல கூலிக்காக நடந்த போராட்டம் லேசுப்பட்டது இல்ல, 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்ச டெல்டா பூமி இது. மெஷின மகளிர் குழுவுக்கு மானியத்துல குடுத்து, ஓட்டுறதுக்கு அவுங்களுக்கே பயிற்சி குடுங்கன்னுதான் நான் சொல்றது. மெஷின் அவுங்க கையில இருந்தா கூலியும் அவுங்களுக்கு வரும்.

இப்ப மேற்கு வங்கம், பீகார்லேருந்து ஆளுங்க வந்து நடுறாங்க. அவுங்க மேல கோவப்படுறதுல நியாயம் இல்ல, நம்ம புள்ளைங்க சிங்கப்பூர் போன மாதிரி அவுங்க இங்க வந்திருக்காங்க. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் ஆளுங்கள அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவி, எத்தனையோ பேரு பயந்து ரயிலேறுனாங்க. மேல குடும்ப குரூப் பத்தி சொன்னது விளையாட்டு விஷயம் இல்லங்கறது இதுக்குத்தான்.

ஏஐ கிட்ட கேட்டா எல்லாம் சொல்லுது, இனிமே உங்க கடைக்கு எதுக்கு வரணும்?

மனு எழுத, இங்கிலீஷ் லெட்டர் புரிஞ்சுக்க, புள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க நல்லா உதவுது, நானே யூஸ் பண்றேன். பயிருக்குப் பூச்சி மருந்து அளவு மட்டும் அதுகிட்ட கேட்டு அடிக்காதீங்க. நம்ம மண்ணு, நம்ம ரகம், நம்ம பூச்சி அதுக்குத் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லும். 1800-180-1551 கிசான் கால் சென்டர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. ஆதார், பேங்க் பாஸ்புக் போட்டோவையும் அதுல ஏத்தாதீங்க.

என் மவன் பூரா நேரமும் ரீல்ஸ்தான் பாக்குறான், என்னக்கா பண்றது?

சாப்புடுறப்ப நீங்க மொதல்ல போன கீழ வைங்க. அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்ச வழி, ஆத்துல தண்ணி ஓடுறப்ப கூட்டிட்டுப் போயி நீச்சல் கத்துக் குடுங்க.

ஓட்டுக்குக் காசு, நம்ம காசுதானே திரும்ப வருது, வாங்குனா என்ன தப்பு?

குடுக்குறதும் குத்தம், வாங்குறதும் குத்தம், சட்டம் அப்படித்தான். நம்ம தஞ்சாவூர்லயே நடந்துச்சு, 2016 மே மாசம் தமிழ்நாடு பூரா எலக்ஷன் நடந்தப்ப தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் பணப் பட்டுவாடான்னு நிறுத்தி நவம்பர் 19-லதான் நடத்துனாங்க. ஆறு மாசம் எம்.எல்.ஏ. இல்லாம இருந்த தொகுதி.

ஆனா வாங்குற ஏழைய மட்டும் திட்டுறவங்களோட நான் சேர மாட்டேன். அஞ்சு வருஷம் ஒண்ணும் வந்து சேராத வீட்டுக்கு அந்த ஒரு நாள்தான் யாரோ கதவத் தட்டுறாங்க. அந்த வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், வேட்பாளர் மேல என்ன கேஸ், எவ்வளவு சொத்துன்னு அவரே எழுதிக் குடுத்த பிரமாணப் பத்திரம் தேர்தல் கமிஷன் சைட்ல இருக்கு, கடைக்கு வாங்க, காசு வாங்காம எடுத்துப் படிச்சுக் காட்டுறேன்.

இவ்வளவு பேசுறீங்களே, நீங்களே பஞ்சாயத்து எலக்ஷன்ல நிக்க வேண்டியதுதானே?

பாதி எடம் பொம்பளைங்களுக்குன்னு சட்டமே இருக்கு. ஆனா பல ஊர்ல போர்டுல தலைவி பேரு, நாற்காலியில அவுங்க வீட்டுக்காரரு. அத எதுத்துக் கேக்க வெளியில ஒரு ஆளு வேணும், மனு எழுத ஒரு ஆளு வேணும், இப்போதைக்கு நான் அந்த எடத்துலயே இருக்கேன். நிக்கிற பொம்பளை யாரா இருந்தாலும் ஃபார்ம் ஃபில் பண்றதுலேருந்து கூட இருப்பேன்.

எலக்ஷன விட கிராம சபைக்கு வாங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு. எங்க கூட்டத்துல வடக்கு வாய்க்கால் ஷட்டர் பத்தி இந்தத் தடவ தீர்மானம் கேக்கப் போறேன், ரெண்டாவது கேள்வியில சொன்ன மாதிரி எடுத்த போர்டு போட்டோ யார்கிட்ட இருந்தாலும் பிரிண்ட் போட்டுக் கொண்டாங்க. பதில் வரலன்னா பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு, முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். கூட்டத்துல தீர்மான நோட்டு கைக்கு வந்தா தீர்மானத்த எழுதி வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க, வெறும் பக்கத்துல யாரும் போடாதீங்க.